நாற்காலியை எண்ணிவிட்டு சிம்பொனியைத் தேர்ந்தெடுங்கள்: ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவின் சீசனைத் திட்டமிடுவது எப்படி?

சீசன் என்றால் சென்னைக்காரர்களுக்கு மார்கழிதான். சபாக்கள் மேடை தரும், வித்வான்கள் வந்து கச்சேரி செய்துவிட்டு அடுத்த சபாவுக்குக் கிளம்புவார்கள், பொங்கலுக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவின் சீசன் அப்படியல்ல. செப்டம்பரில் தொடங்கி ஜூன் கடைசி வரை இழுக்கும். மொத்தம் மூன்று அல்லது நான்கு கச்சேரிகள், எல்லாவற்றிலும் வாசிப்பது அதே அறுபது பேர். பகலில் பல் மருத்துவர், கணக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ரயில்வே பொறியாளர் என்று ஆளுக்கொரு வேலை. வாரத்தில் ஒரு நாள் இரவு 7.30 மணிக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால், வாசிப்பதற்கு அவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள்.

திட்டமிடுகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சந்தாவைத்தான். காசு கொடுத்து வாசிக்க வந்த ஒருவரை இரண்டு மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் அடுத்த வருடம் அவர் நாற்காலி காலியாக இருக்கும்.

லண்டனுக்கு வெளியே ஒரு சிற்றூர் ஆர்கெஸ்ட்ராவில் நான் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். சில வருடங்களாக நிகழ்ச்சித் தேர்வுக் குழுவிலும் இருக்கிறேன். கிரேடு 8 (இசைத் தேர்வுகளின் கடைசிப் படி) முடித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு 'அடுத்து என்ன?' என்று கேட்கும் பெற்றோருக்கும், குழுவில் புதிதாகச் சேர்ந்து முழிப்பவர்களுக்கும் இது உதவும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழே கண்டக்டர் என்று வரும்போதெல்லாம் குச்சியோடு முன்னால் நிற்பவர், விசிலோடு படியில் நிற்பவர் அல்ல.

1. முதல் வேலை, தலை எண்ணுவது

செப்டம்பர் சீசனுக்கான வேலை அதற்கு முந்தைய ஜனவரியிலேயே தொடங்கிவிடும். 'எந்த சிம்பொனி (வழக்கமாக நான்கு பகுதிகள் கொண்ட பெரிய உருப்படி)?' என்ற கேள்வியோடு குழு கூடினால் அந்தக் கூட்டம் உருப்படாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு இருக்கும், அதில் பாதி மாலர், பிரம்மாண்டமான ஆர்கெஸ்ட்ரா கேட்கும் இசையமைப்பாளர். முதலில் ஒரு தாளில் நாற்காலிகளை எழுதுங்கள்: யார், என்ன வாத்தியம், அடுத்த வருடம் எந்தெந்தக் கச்சேரிக்கு இருப்பார். பொதுவாக மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. தேநீர் இடைவேளையில் ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்க வேண்டும். ஒருவருக்கு மார்ச்சில் குழந்தை பிறக்கும், இன்னொருவர் மூன்று மாதம் நியூசிலாந்தில் மகள் வீட்டுக்குப் போவார்.

நரம்பு வாத்தியங்களில் ஓர் ஆள் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம். முதல் வயலினில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் வந்தால் கேட்பவருக்குத் தெரியாது. காற்று வாத்தியங்களில் அந்தக் கதை நடக்காது. இரண்டாவது பசூன் (தாழ்ந்த குரல் கொண்ட நீளக் குழல்) என்றால் உலகத்தில் அந்த வரியை வாசிக்க அன்றைக்கு அவர் ஒருவர்தான். அவர் வராவிட்டால் இசையில் ஓட்டை விழும்.

கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் நிலைமை ஒன்றுதான். புல்லாங்குழலுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவுக்கு ஆள் தேடி அலைய வேண்டும். ஓபோ (நாணல் வைத்து ஊதும் மெல்லிய குழல்), பசூன், பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர்களைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும்.

எண்ணாமல் தேர்ந்தெடுத்து ஒரு முறை மாட்டிக்கொண்டோம். ட்வோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்பொனியைப் போட்டோம். 1893இல் நியூயார்க் கார்னகி ஹாலில் அரங்கேறியது, கூட்டம் வரும், எல்லோருக்கும் தெரிந்த உருப்படி. கூட்டம் வருவதற்குப் பாதிக் காரணம் இரண்டாம் பகுதியில் வரும் காரங்கிலே சோலோ. காரங்கிலே என்பது ஓபோவின் அக்கா மாதிரி, கொஞ்சம் பெரியது, குரலும் தாழ்ந்தது. எங்கள் ஓபோக்காரர்கள் இருவரிடமும் அந்த வாத்தியமே இல்லை என்பது ஆறாவது வாரம்தான் தெரிந்தது. வெளியிலிருந்து ஒருவரைக் காசு கொடுத்து வரவழைத்தோம். அதே சிம்பொனியில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்துக்கு அந்த இரண்டாம் பகுதியில் மட்டும் சில ஸ்வரங்கள். சிம்பலுக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு தட்டு, அதுவும் மென்மையாக. அந்த ஒரு தட்டுக்காக ஒருவர் பத்து வாரம் வர வேண்டுமா? இதையெல்லாம் ஜனவரியிலேயே யோசித்திருக்க வேண்டும்.

2. தேதியும் இடமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் முதலிலேயே முடித்துவிட வேண்டும். நவம்பர் கடைசி, மார்ச் நடுப்பகுதி, ஜூன் கடைசி என்று மூன்று சனிக்கிழமைகள். பள்ளி அரைப்பருவ விடுமுறை, ஈஸ்டர் வாரம் இரண்டையும் தவிருங்கள். பக்கத்து ஊர்ப் பாடகர் குழுவிடமும் பேசிவிடுங்கள். அங்கே பாடுகிறவர்களின் கணவர்மார்தான் நம்மிடம் செல்லோ வாசிக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு கச்சேரி வைத்தால் இரண்டுக்கும் ஆள் இருக்காது.

சிற்றூர்களில் இடம் என்றால் பெரும்பாலும் தேவாலயம்தான். போய் நின்று பாருங்கள். கைதட்டி எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். இரண்டு மூன்று விநாடி நின்றால் வேகமான நவீன உருப்படிகள் குழம்பிப்போகும். மெதுவான, அகலமான இசைக்கு அதே எதிரொலி வரம். படிகளுக்கு முன்னால் எத்தனை நாற்காலி போடலாம் என்று உண்மையிலேயே போட்டுப் பாருங்கள். வில்லை நீட்டி வாசிக்க இடம் வேண்டும். அப்புறம் கழிப்பறை. நூற்றாண்டுகள் பழைய தேவாலயத்தில் அறுபது வாத்தியக்காரர்களுக்கும் இருநூறு ரசிகர்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று இருப்பது சர்வசாதாரணம்.

குளிரும் ஒரு பிரச்சினை. காற்று குளிர்ந்தால் காற்று வாத்தியங்களின் சுருதி இறங்கும். நவம்பரில் ஹீட்டரை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் கனவுகளுக்கு நேரம். வழக்கமான அமைப்பு எளிது: முதலில் ஓர் ஓவர்ச்சர் (சின்னத் தொடக்க உருப்படி), அடுத்து தனி வாத்தியக்காரரோடு ஒரு கன்செர்ட்டோ, இடைவேளை, பிறகு சிம்பொனி. இசை மட்டும் 70 முதல் 85 நிமிடம் இருந்தால் போதும். அதிகம் வைத்தால் என்ன ஆகும் என்று பீத்தோவனே காட்டியிருக்கிறார். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் ஐந்தாம் சிம்பொனி, ஆறாம் சிம்பொனி, நான்காம் பியானோ கன்செர்ட்டோ, கோரல் ஃபேன்டசி, இன்னும் சில என்று ஒரே இரவில் அரங்கேற்றினார். நான்கு மணி நேரம், குளிரில், போதிய ஒத்திகை இல்லாமல். கோரல் ஃபேன்டசி நடுவில் உடைந்து, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

தேர்வில் நான் பார்க்கும் முதல் விஷயம் டிராம்போன், குழாயை இழுத்து இழுத்து வாசிக்கும் பித்தளை வாத்தியம். சிரிக்காதீர்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்கள் கடைசிப் பகுதியில்தான் நுழைகின்றன. அதுவரை மூன்று பேரும் 20 நிமிடத்துக்கு மேல் மேடையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் போய்விடுவதால் நடுவில் எழுந்து வரவும் முடியாது. ஆறிப்போன வாத்தியத்தோடு எடுத்த எடுப்பில் உச்ச ஒலி. பிராம்ஸின் முதல் சிம்பொனி இன்னும் கொடுமை. அதிலும் கடைசிப் பகுதியில்தான் நுழைவு, ஆனால் அங்கே மென்மையாக, உச்ச ஸ்தாயியில், ஒட்டுமொத்த அரங்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

அதற்காக ஐந்தாம் சிம்பொனியைத் தவிர்க்க வேண்டியதில்லை. கூட வைக்கும் உருப்படியில் ஈடுகட்டலாம். ஒரு ஜூன் கச்சேரிக்கு இப்படிப் போடலாம்: பிராம்ஸின் 'அகாடமிக் ஃபெஸ்டிவல்' ஓவர்ச்சர் 10 நிமிடம், மாக்ஸ் புரூஹின் முதல் வயலின் கன்செர்ட்டோ 25 நிமிடம், இடைவேளைக்குப் பிறகு பீத்தோவன் ஐந்து, 35 நிமிடம் வாக்கில். பிராம்ஸ் 1880இல், பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டத்துக்குப் பதில் மரியாதையாக மாணவர் பாட்டுகளைக் கோத்து எழுதிய ஓவர்ச்சர் அது. டிராம்போன், டியூபா, சிம்பல், பெரிய டிரம் எல்லாவற்றுக்கும் வேலை. கன்செர்ட்டோவில் டிராம்போன்காரர்கள் பின்வரிசையில் காற்றாடலாம், சிம்பொனியின் முடிவில் திரும்ப வந்து வெளுத்துவாங்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. கான்ட்ராபசூன் என்ற ஆளுயரக் குழாய் எல்லா ஊரிலும் கிடைக்காது, வாடகைக்கு எடுக்க வேண்டும். பிராம்ஸ், பீத்தோவன் இரண்டிலுமே அது இருக்கிறது. ஒரே வாடகையில் இரண்டு உருப்படி.

நவம்பருக்கு மெண்டல்சனின் 'ஹெப்ரிடீஸ்', மொசார்ட்டின் கிளாரினெட் கன்செர்ட்டோ, ட்வோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி என்று வைக்கலாம். எட்டாம் சிம்பொனி அமெச்சூர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்: செல்லோக்களுக்குத் தொடக்கத்திலேயே பாட்டு, கடைசிப் பகுதி தொடங்குவது டிரம்பெட் முழக்கத்தில், புல்லாங்குழலுக்குத் தனி வரிகள். மொசார்ட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த கன்செர்ட்டோவில் ஓபோவே இல்லை. வழக்கமாக எல்லோருக்கும் சுருதி கொடுப்பது ஓபோ. அந்த உருப்படிக்கு அது யார் வேலை என்று முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். எங்கள் லீடர் (முதல் வயலின் வரிசையின் தலைவர்) தன் வயலினிலிருந்து கொடுத்துவிடுவார்.

வயலின்காரர்களின் முழங்கையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனி டிராம்போன்களுக்குச் சொர்க்கம், எங்களுக்குத் தண்டனை. கடைசிப் பகுதியில் ஒரே வடிவத்தைப் பக்கம் பக்கமாக அறுக்க வேண்டும். 1844இல் மெண்டல்சன் லண்டனில் அதை ஒத்திகை பார்த்தபோது தொழில்முறை வயலின்காரர்களே அந்த இடத்தில் சிரித்து, உருப்படியே கைவிடப்பட்டது. செய்வதானால் வருடத்தில் ஒரு முறை, ஓய்வான ஓர் உருப்படியோடு.

வசந்தகாலக் கச்சேரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புதியது ஒன்று, அறியாதது ஒன்று வைக்க அதுதான் சரியான இடம். கூட்டம் எப்படியும் கொஞ்சம் குறையும்.

4. தனி வாத்தியக்காரர்

இசைக் கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர்கள் நல்ல தேர்வு. அவர்களுக்கு ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வாய்ப்பு வேண்டும், நமக்கு மலிவாகத் திறமை வேண்டும். சொந்த உறுப்பினரையே நிறுத்துவதும் உண்டு. அதில் பாசம் அதிகம், பொறாமையும் அதிகம். எப்படியானாலும் குறைந்தது இரண்டு ஒத்திகைகளுக்கு வரவேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பியானோ கன்செர்ட்டோ என்றால் அந்த இடத்தில் இருக்கும் பியானோவை ஆள் அனுப்பித் தட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

5. பார்ட் புத்தகங்கள்

கண்டக்டர் கையில் இருப்பது எல்லா வரிகளும் அடங்கிய ஸ்கோர். வாசிப்பவர் முன்னால் இருப்பது அவர் வரி மட்டும் அச்சான பார்ட். அறுபது பேருக்கும் பார்ட் வரவழைப்பது ஒரு தனி உத்தியோகம். நூலகரைக் கண்டக்டருக்கு அடுத்தபடியாக மதியுங்கள்.

மூன்று வழிகள் உண்டு: நூலகங்களிலிருந்து செட்டாக இரவல், பதிப்பகத்திடம் வாடகை, இணையத்தில் இறக்கி அச்சிடுவது. இங்கிலாந்தில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை (இந்தியாவில் 60). எல்கர் 1934இல் இறந்தார், பிரச்சினை இல்லை. சிபேலியஸ் 1957இல் இறந்தவர், ஆகவே 2027 முடியும்வரை பொறுக்க வேண்டும், அல்லது கட்ட வேண்டியதைக் கட்டவேண்டும். உரிமை முடிந்தவை பெரும்பாலும் 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய பார்ட்டுகள் ஏ4 தாளைவிடப் பெரியவை. ஏ4இல் சுருக்கி அச்சிட்டால் எழுபது வயது செல்லோக்காரருக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான் தெரியும். ஏ3இல் அச்சிட்டு நடுவில் மடித்துத் தையுங்கள்.

எண்களை நம்பாதீர்கள். ட்வோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி முதலில் அச்சானபோது 'எண் 4'. 'நியூ வேர்ல்ட்' அப்போது 'எண் 5'. பழைய செட்டுகளின் அட்டையில் இன்னும் அந்த எண்கள்தான் இருக்கும். எங்களுக்கு எட்டாவது சிம்பொனி செட் வந்தபோது அட்டையில் பெரிதாக 4. எங்கள் வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யூடியூபில் நான்காம் சிம்பொனியை ஒரு வாரம் கேட்டுத் தயாராக வந்தார். முதல் வரி ஓடியதும் அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனவே கேட்கும்போது சிம்பொனி எண்ணைச் சொல்லாமல் ஸ்கேலையும் ஓபஸையும் (படைப்பின் வரிசை எண்) சொல்லுங்கள்: ஜி மேஜர், ஓபஸ் 88.

பதிப்புகளைக் கலக்கவும் கூடாது. ஒத்திகையில் 'எஃப் எழுத்திலிருந்து' என்று கண்டக்டர் சொல்வார், இடம் காட்டப் பார்ட்டில் அச்சிட்ட எழுத்து அது. பாதிப் பேரின் பார்ட்டில் எழுத்து, மீதிப் பேரிடம் பார் (தாளக்கட்டு) எண்கள் மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஆவர்த்தனம் எண்ணுவது மாதிரி எண்ண வேண்டும். ஓர் ஒத்திகையில் கால் மணி நேரம் இப்படியே போகும்.

வயலின்களின் வில் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டுமானால் மேலா, கீழா என்ற குறிகளை லீடர் முதல் ஒத்திகைக்கு முன்பே எழுதி மற்றவர்களுக்குப் படியெடுக்கக் கொடுக்க வேண்டும். மென்மையான பென்சிலில் மட்டும். பேனாவில் எழுதினால் திருப்பிக் கொடுக்கும்போது அபராதம். 

6. ஒத்திகைக் கணக்கு

பத்து வாரம், வாரத்துக்கு 7.30 முதல் 9.45. தேநீரைக் கழித்தால் இரண்டு மணி நேரம். மொத்தம் 20 மணி நேரம்தான் கையிருப்பு. இதை உருப்படிகளுக்குப் பங்கு போட்டு, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முதல் நாளே ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். டிராம்போன்காரர்களை 8.45க்கு வரச் சொல்லுங்கள், வந்ததும் வாசிக்கவிடுங்கள். இது ஒன்றே பாதி மனக்கசப்பைத் தீர்க்கும்.

எளிதானது என்று நினைத்து நேரம் ஒதுக்காமல் விட்ட உருப்படியே கடைசியில் காலை வாரும். எல்கரின் செல்லோ கன்செர்ட்டோ 1919 அக்டோபரில் லண்டனில் அரங்கேறியபோது, அதே கச்சேரியின் மற்ற உருப்படிகளை நடத்திய கண்டக்டர் ஒத்திகை நேரத்தை விழுங்கிவிட்டார். அரங்கேற்றம் சொதப்பியது. இன்று உலகம் கொண்டாடும் இசை அது.

முதல் வாரம் எவ்வளவு மோசமானாலும் சிம்பொனியை முழுவதும் ஓட்டிவிடுங்கள். ஊர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து கடைசிப் பகுதியை முதலில் எடுங்கள். எப்போதும் முதல் பகுதியிலிருந்தே தொடங்கினால் அது பளபளக்கும், கடைசிப் பகுதிக்கு 9.40 ஆகிவிடும். கச்சேரியில் கைத்தட்டல் விழப்போவது அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான். எட்டாவது வாரம் வியோலா, செல்லோவை மட்டும் தனி அறையில் உட்காரவைத்துப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். முனகுவார்கள். செய்யுங்கள்.

7. பணம், அனுமதி, விளம்பரம்

60 பேர் ஆளுக்கு வருடம் 150 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 9,000. கண்டக்டர் ஊதியம், ஒத்திகை ஹால் வாடகை இரண்டுமே இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். டிக்கெட் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது உபரி. காப்பீடு, ஒப்பந்தப் படிவங்கள் போன்ற தலைவலிகளுக்கு 'மேக்கிங் மியூசிக்' என்ற அமைப்பில் சேர்ந்துவிடலாம். 1935இல் தொடங்கியது, இத்தகைய குழுக்களுக்கென்றே இருக்கிறது. காப்புரிமை உள்ள இசை வாசித்தால் பி.ஆர்.எஸ். (இசையமைப்பாளர்களுக்காக உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்பு) கட்டணம் யார் கட்டுவது, இடத்துக்காரரா நாமா என்று கேட்டுவிடுங்கள்.

விளம்பரத்துக்குச் சுவரொட்டி, முகநூல் எல்லாம் இருக்கட்டும். கூட்டம் வருவது உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்று பேரை இழுத்து வருவதால்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம் என்று போட்டால் பிள்ளைகளோடு பெற்றோர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

8. கச்சேரி நாள்

டிம்பனி என்ற பெரிய முரசுகளை ஏற்றிவர வேன், அதை ஓட்டுபவரின் கைபேசி எண், தேவாலயச் சாவி. காலையில் இந்த மூன்றும் உறுதியாக வேண்டும். மதியம் 2.30க்கு ஒத்திகை, 5.30க்குள் முடித்துவிடுங்கள், முழு சிம்பொனியையும் ஓட்டாதீர்கள், உதடும் விரலும் இரவுக்கு வேண்டும். பகுதிகள் சேரும் இடங்கள், வேகம் மாறும் இடங்கள், வணங்கும்போது யார் எப்போது எழுவது, இவை போதும். ஸ்டாண்ட் விளக்குகளுக்கு நீள ஒயரும், அதை ஒட்ட டேப்பும் எடுத்துச் செல்லுங்கள். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

பகுதிகளுக்கு நடுவில் யாராவது கைதட்டினால் திரும்பி முறைக்காதீர்கள். அவர் முதல் முறை வந்திருக்கிறார் என்று அர்த்தம், டிக்கெட் விற்றிருக்கிறது.

முடிந்ததும் 10.30க்குள் இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். பார்ட்டுகளை அங்கேயே திருப்பி வாங்கி எண்ணுங்கள். வீட்டுக்குப் போன பார்ட் லேசில் திரும்பாது. நாற்காலிகளை அடுக்கும்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில், நல்ல மனநிலையில் இருப்பார்கள். செப்டம்பரில் வருகிறீர்களா என்று அந்த இரண்டாவது பசூன்காரரை அப்போதே கேட்டுவிடுங்கள்.